வாழும் ஊரும் வரி கேட்கும் ஊரும்

பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியன் என்ற முறையில் சங்க இலக்கியம் பற்றியோ சமயக் குரவர் பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். யானோ வருமான வரியைப் பற்றி எழுதப் புகுந்துள்ளேன்; அதுவும் நம் நாட்டு வரியைப் பற்றியன்று, ஐக்கிய அமெரிக்காவின் வரியைப் பற்றி. இலக்கணம் கற்பிப்பவனுக்கு இறைவரிக் கணக்கில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் இம்மலர் உடப்பிலும் சிலாபத்திலும் கற்பிட்டியிலும் மட்டும் விரிக்கப்படப் போவதன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் நியூ ஜேர்சியிலும் வாழும் நம் பழைய மாணவர் இல்லங்களுக்கும் இது செல்லும். அவர்களுள் அமெரிக்கப் பிரசையானோர் காலில் மற்றையோர் காலில் இல்லாத ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கிறது. கட்டப்பட்டவர்களுட் பலர் அதனை அறியாதிருக்கின்றனர். அறியாமையால் வரும் துன்பத்தைச் சொல்லித் தடுப்பது ஆசிரியத் தொழிலின் ஒரு பகுதி என்பது என் கருத்து.

இதனை யான் அறிந்த வரலாற்றை முதலிற் கூறுகிறேன். பழைய மாணவர் சங்கக் கூட்டமொன்று முடிந்து யாவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, என்னிலும் ஆறு வகுப்பு மூத்தவரான ஓர் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். இளமையில் விசாச் சீட்டிழுப்பில் அதிர்ஷ்டம் பெற்று அமெரிக்கா சென்றவர் அவர். பதினைந்து ஆண்டு உழைத்து அந்நாட்டுப் பிரசாவுரிமையும் பெற்றவர். தாயார் நோயுற்றபோது திரும்பி வந்தவர் பின் போகவில்லை. இங்கேயே மணம் புரிந்து, களப்போரத்தில் நான்கு அறைகள் கொண்ட ஒரு தங்குமனை நடத்துகிறார். ஓங்கில் பார்க்கவும் காற்றாடி கட்டி நீர்மேற் சறுக்கவும் வரும் வெளிநாட்டாரே அவர் விருந்தினர். அவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அவர் கணக்கு வைத்திருந்த வங்கி அனுப்பியது. "தாங்கள் அமெரிக்கப் பிரசையா? ஆமெனின் அந்நாட்டு வரி இலக்கத்தை எழுதி ஒப்பமிட்டு அனுப்புக" என்பது அதன் சாரம்.

"தம்பி, நீர் படித்த மனிதர், இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லும்," என்றார். "அங்கே உழைத்த காலமெல்லாம் அங்கே வரி கட்டினேன். இங்கே வந்து பத்து வருஷமாகிறது. அங்கிருந்து எனக்கு ஒரு சதமும் வருவதில்லை. அறை வாடகையைக் கற்பிட்டியில் வாங்குகிறேன். அதற்கு ஏன் வாஷிங்டனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்?"

அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடை இல்லை. விடை தேடி அவரும் யானும் பல மாலைகள் படிவங்களோடு அமர்ந்திருந்தோம். அந்த அமர்வின் பயனே இக்கட்டுரை.

உலகின் பெரும்பாலான நாடுகள் வருமான வரியை வதிவிடத்தைக் கொண்டே விதிக்கின்றன. எங்கே ஒருவன் வாழ்கிறானோ அந்நாடு அவனது முழு வருமானத்தையும் கேட்கும். எங்கே அவன் வாழவில்லையோ அந்நாடு தன் எல்லைக்குள் விளைந்த வருமானத்தை மட்டும் கேட்கும். நம் நாட்டில் 1932ஆம் ஆண்டு வருமான வரி புகுந்தது. இப்போது நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் வதிபவர், வதியாதவர் என்றே மக்களைப் பிரிக்கிறது. ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ இங்கே தங்கியவன் வதிபவன். அவனது கடவுச்சீட்டின் நிறம் யாதாயினும் ஆகுக. சட்டம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. கனடாவிலோ பிரித்தானியாவிலோ பிரசாவுரிமை பெற்ற நம்மவர் ஒருவர் ஊர் திரும்பி இங்கேயே நிலைத்துவிட்டால், இங்கே அவர் உழைக்கும் பணத்துக்கு அந்நாடுகள் கணக்குக் கேட்பதில்லை.

ஐக்கிய அமெரிக்கா கேட்கிறது. அதன் பிரசை உலகின் எம்மூலையில் வாழ்ந்தாலும், அவனது வருமானம் எந்நாட்டில் விளைந்தாலும், ஆண்டுதோறும் அந்நாட்டுக்கு விபரத்திரட்டுச் சமர்ப்பித்தல் வேண்டும். இவ்வாறு பிரசாவுரிமையைக் கொண்டு வரி கேட்கும் வேறு நாட்டைத் தேடினால், ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள சிறிய எரித்திரியா நாடுதான் சுட்டிக்காட்டப்படுகிறது. அது தன் பிறநாட்டு மக்களிடம் நூற்றுக்கு இரண்டு வீதம் கேட்பது. பிலிப்பைன்சும் ஒரு காலத்தில் இவ்வழியிற் சென்றது. 1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு அதனைக் கைவிட்டது.

இவ்வழக்கின் வேர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருக்கிறது. 1862ஆம் ஆண்டு, ஆபிரகாம் இலிங்கன் ஆட்சியில், போர்ச் செலவுக்காக விதிக்கப்பட்ட வருமான வரி, நாட்டை விட்டு வெளியே வாழ்ந்த பிரசைகளையும் தொட்டது. நாடு குருதி சிந்தும் வேளையிற் செல்வர் சிலர் ஐரோப்பாவிற் சுகமாக இருக்கிறார்களே என்ற மனக்கசப்பு அதன் பின்னணியில் இருந்தது. போர் முடிந்தபின் அவ்வரி நீங்கியது. 1913ஆம் ஆண்டு வருமான வரி மீண்டும் வந்தபோது, வெளிநாட்டில் வாழும் பிரசையும் அதனுள் அடங்கினான். மெக்சிக்கோவிலே குடியிருந்து, மெக்சிக்கோவிலுள்ள சொத்தால் வருமானம் பெற்ற குக் என்னும் அமெரிக்கர் ஒருவர், "என் உடலும் அங்கில்லை, பொருளும் அங்கில்லை, வரி எங்ஙனம் பொருந்தும்?" என்னும் வழக்கோடு நீதிமன்றம் சென்றார். 1924ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அரசு தன் இயல்பாலேயே பிரசைக்கும் அவன் சொத்துக்கும் அவை எங்கிருப்பினும் நன்மை செய்கிறது; ஆதலின் எங்கிருப்பினும் வரி கேட்கும் அதிகாரம் அதற்குண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். கற்பிட்டி அண்ணனின் வினாவுக்கு விடை நூறாண்டுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது.

நிற்க. அச்சட்டம் நம் அண்ணன் போன்றாரிடம் யாது கேட்கிறது என்பதை இனிக் காண்போம்.

முதலாவது, ஆண்டு விபரத்திரட்டு. தனியராக இருப்பவர்க்கு ஒரு வருமான எல்லை உண்டு. 2025ஆம் ஆண்டுக்கு, அறுபத்தைந்து வயதுக்குட்பட்ட தனியருக்கு அது 15,750 டொலர். ஆனால் அமெரிக்கப் பிரசையல்லாத மனைவியை உடையவர் தனித்து விபரத்திரட்டுச் சமர்ப்பிப்பாராயின் அவர்க்குரிய எல்லை ஐந்து டொலர். ஆம், ஐந்தே டொலர், எழுத்துப் பிழையன்று. நம்மூர்ப் பெண்ணை மணந்து நம்மூரிலேயே வாழ்பவர் பெரும்பாலும் இவ்வகுப்பிலே வந்து விழுகிறார். சுயதொழில் செய்பவர்க்கோ நிகர இலாபம் நானூறு டொலரை எட்டினாலே போதும்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு அறிக்கை. 1970ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழி வந்தது இது. அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள கணக்குகள் எல்லாவற்றின் கூட்டுத் தொகை ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டொலரைக் கடந்தால், ஒவ்வொரு கணக்கின் இலக்கத்தையும் உச்சத் தொகையையும் திறைசேரியின் தனிப்பிரிவு ஒன்றுக்கு அறிவித்தல் வேண்டும். இது வரியன்று, செய்தி மட்டுமே. ஆனால் செய்தி சொல்லத் தவறினால் வரும் தண்டம் வரியினும் கொடியது. பத்தாயிரம் டொலர் என்பது இன்றைய மதிப்பில் முப்பது இலட்சம் ரூபாவை அடுத்த தொகை. தென்னங்காணித் துண்டொன்றை விற்று நிலையான வைப்பிலிட்டவர் எவரும் அவ்வெல்லையைக் கடந்துவிடுவர். அயலார் கண்ணுக்கு அது வெளிநாட்டு வங்கி. அவருக்கோ அது சந்திக்கடை அருகிலுள்ள வங்கி.

மூன்றாவது, 2010ஆம் ஆண்டுச் சட்டம். உலகெங்குமுள்ள வங்கிகள் தம்மிடம் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்கப் பிரசைகளை இனங்கண்டு அறிவித்தல் வேண்டும். இணங்காத நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து செல்லும் குறித்த சில கொடுப்பனவுகளில் நூற்றுக்கு முப்பது வீதம் பிடித்துக்கொள்ளப்படும். அண்ணனுக்கு வந்த கடிதத்தின் தாய் இச்சட்டமே. பெருஞ் செல்வர் சுவிற்சர்லாந்து முதலிய இடங்களில் மறைத்த பணத்தைப் பிடிக்க விரித்த வலை இது. அவ்வலையிலே கற்பிட்டித் தங்குமனைக்காரரும் அகப்பட்டார்.

இவற்றுக்கெல்லாம் மாற்று மருந்தும் அச்சட்டத்திலேயே உண்டு என்பதை மறைத்தல் அறமன்று. பிறநாட்டில் வாழ்ந்து உழைத்த ஊதியத்தில் ஒரு பெருந்தொகை வரை விலக்குக் கோரலாம். 2025ஆம் ஆண்டுக்கு அது 130,000 டொலர். 1926ஆம் ஆண்டு முதல் ஏதோ ஒரு வடிவில் இவ்விலக்கு இருந்து வருகிறது. பிறநாட்டுக்குச் செலுத்திய வருமான வரியைக் கழித்துக்கொள்ளும் முறையோ 1918ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. ஆகவே நம்மவர் பலர் அமெரிக்காவுக்குச் செலுத்த வேண்டிய வருமான வரி ஒன்றுமில்லை என்றே கணக்கு முடியும். ஆனால் ஒன்றுமில்லை என்பதை மெய்ப்பிப்பதற்கே விபரத்திரட்டு வேண்டும். விபரத்திரட்டிலே கோராதவர்க்கு விலக்கு இல்லை.

விலக்கின் எல்லையும் அறியத்தக்கது. ஊதியமும் தொழில் வருவாயுமே அதனுள் அடங்கும்; வட்டியும் வாடகையும் ஓய்வூதியமும் அடங்கா. சுயதொழில் செய்பவர் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிதிக்கும் முதியோர் மருத்துவ நிதிக்கும் கொடுக்கும் 15.3 வீதத்தையும் அவ்விலக்குத் தொடாது. இரு நாட்டு நிதிகளுக்கும் ஒருவர் இருமுறை செலுத்தாதபடி அமெரிக்கா வேறு பல நாடுகளுடன் உடன்படிக்கை செய்திருக்கிறது. இலங்கையுடன் அத்தகைய உடன்படிக்கை இல்லை. 1985இற் கைச்சாத்தாகி 2004இல் நடைமுறைக்கு வந்த இரட்டை வரி உடன்படிக்கை ஒன்று இரு நாடுகளுக்குமிடையே உண்டு. ஆனால் தன் பிரசைகளுக்கு அவ்வுடன்படிக்கையே இல்லாததுபோல வரி விதிக்கும் உரிமையை அமெரிக்கா ஒரு வாசகத்தாற் காத்துக்கொண்டது.

அண்ணனின் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தங்குமனையில் அவருக்கு ஆண்டில் எஞ்சுவது பன்னிரண்டு இலட்சம் ரூபா அளவே. நம் நாட்டுச் சட்டப்படி 2025 ஏப்பிரல் முதல் ஆண்டுக்குப் பதினெட்டு இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. ஆகவே அவர் நடக்கும் தெருவையும் எரிக்கும் விளக்கையும் தந்த இந்நாட்டுக்கு அவர் செலுத்த வேண்டிய வருமான வரி ஒன்றுமில்லை. அவர் பத்தாண்டாகக் காணாத நாட்டுக்கோ, இலாபத்தில் ஆயிரம் டொலருக்கு ஏறத்தாழ 141 டொலர் வீதம் சுயதொழில் வரி செலுத்த வேண்டும். அவ்வரியின் பேரால் முதுமையில் ஓய்வூதியம் ஓரளவு வளரும் என்பது மெய்யே. ஆனால் அதன் ஒரு பங்கு செல்லும் மருத்துவ நிதி, அமெரிக்காவுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. காய்ச்சல் வந்தால் அண்ணன் படுப்பது புத்தளம் அரசாங்க மருத்துவமனையில்.

இனிக் காகிதப் பாட்டைச் சொல்வேன். நம் வரியாண்டு ஏப்பிரலில் தொடங்கி மார்ச்சில் முடிவது. அமெரிக்க வரியாண்டு சனவரியில் தொடங்கித் திசெம்பரில் முடிவது. ஆதலால் ஒரே கணக்குப் புத்தகத்தை இருமுறை வெட்டிக் கூட்டல் வேண்டும். கூட்டியதை ரூபாவிலிருந்து டொலருக்கு மாற்றல் வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. அவ்வாண்டுக் கணக்கை மாற்றியவர் பட்ட பாட்டை அவரே அறிவர். ஊழியர் சேமலாப நிதிக்கு அமெரிக்கப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. இங்குள்ள நம்பிக்கை அலகுகளில் ஒருவர் சிறு பணம் இட்டிருந்தால், அதற்குத் தனிப் படிவமும் கடும் வரி முறையும் காத்திருக்கின்றன. இவற்றை அறிந்த கணக்காளர் நம் மாவட்டத்திற் கிடைப்பது அரிது. கொழும்பிலோ கடல் கடந்தோ ஒருவரைத் தேடி அவர்க்குக் கூலி கொடுத்தல் வேண்டும். அண்ணன் கொடுத்த கூலி அவர் செலுத்திய வரியினும் அதிகமாயிற்று.

இவ்விடத்திலேதான் என் தொழில் எனக்கு நினைவு வந்தது. பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் வரி பற்றிக் கூறிய அறிவுரையைப் புறநானூற்றிலே நம் மாணவர் படித்திருப்பர். சிறு நிலமாயினும் விளைந்ததை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பல நாளைக்கு உணவாகும். பெரு வயலாயினும் யானை தானே புகுந்து உண்ணத் தொடங்கினால் அதன் வாயிற் புகுவதினும் காலில் மிதிபட்டு அழிவதே மிகும் என்பது அவ்வறிவுரை. வகுப்பில் இதனைக் கொடுங்கோன்மைக்கு எதிரான பாட்டென்றே பல ஆண்டுகள் கற்பித்து வந்தேன். அண்ணனின் படிவக் கட்டை முன்னே வைத்தபோது அதன் நுட்பம் எனக்குப் புதிதாக விளங்கிற்று. புலவர் யானை உண்ணலாகாது எனக் கூறவில்லை. அரசுக்கு வரி வேண்டும். ஆனால் எடுக்கும் முறையால் அழிவது எடுக்கும் பொருளினும் மிகுமாயின், அம்முறை அரசுக்கும் பயனன்று, குடிக்கும் பயனன்று. ஒரு சதமும் வரி வராத பல்லாயிரம் விபரத்திரட்டுகளை ஆண்டுதோறும் வாங்கி அடுக்கும் திறைசேரி, வாயால் உண்ணவில்லை, காலால் மிதிக்கிறது.

மிதிபட்டவர் கதைகள் உலகறிந்தவை. பிரித்தானியப் பிரதமராக இருந்த போறிஸ் ஜோன்சன் 1964ஆம் ஆண்டு நியூயோர்க்கிற் பிறந்தமையால் அமெரிக்கப் பிரசையும் ஆனவர்; சிறுவனாகவே அந்நாட்டை விட்டு நீங்கியவர். இலண்டனிலுள்ள தம் வீட்டை விற்றபோது அமெரிக்கா வரி கேட்டது. முதலில் மறுத்து, பின் செலுத்தி, 2016ஆம் ஆண்டு அப்பிரசாவுரிமையையும் துறந்தார். ருமேனியாவிற் பிறந்து அமெரிக்கப் பிரசையாகி 1990ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய பிற்னர் என்பவர், வங்கிக் கணக்கு அறிக்கை என ஒன்று உண்டென்பதையே அறியாதிருந்தார். ஐந்து ஆண்டுகளுக்குரிய 272 கணக்குப் பதிவுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் டொலராக 27 இலட்சத்து 20 ஆயிரம் டொலர் தண்டம் கேட்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம், தண்டம் கணக்கின் எண்ணிக்கைக்கன்று, ஆண்டறிக்கையின் எண்ணிக்கைக்கே எனக் கூற, அது 50,000 டொலராகக் குறைந்தது. நீதியரசர் ஐவர் அவ்வாறு கூறினர், நால்வர் மறுத்தனர். ஒரு நீதியரசர் மனம் மாறியிருந்தால் முழுத் தொகையும் நின்றிருக்கும். அவர் செல்வர், தாங்கினார். தங்குமனைக்காரர் தாங்குவரோ?

எதிர்வாதத்தையும் கேட்டல் வேண்டும். "பிரசாவுரிமை ஒரு நன்மை. நினைத்தபோது திரும்பிச் செல்லும் உரிமை, தூதரகத்தின் துணை, பலம் வாய்ந்த கடவுச்சீட்டு ஆகியவற்றை வைத்துக்கொண்டு விலை கொடேன் என்பது நேர்மையோ?" என்று கேட்பார் உளர். வலிமையுடைய வாதமே. ஆனால் அந்நன்மைகளுக்குத் தனித்தனியே கட்டணம் உண்டு. கடவுச்சீட்டுக்குக் கட்டணம் உண்டு; தூதரகச் சேவைகளுக்குக் கட்டணம் உண்டு. ஆபத்துக் காலத்திற் பிறநாட்டிலிருந்து பிரசைகளை மீட்டுச் செல்லும்போதுகூட, பயணச் செலவைத் திருப்பித் தருவேன் என்ற உறுதிச்சீட்டில் ஒப்பம் வாங்குவதே அந்நாட்டு வழக்கம். பிள்ளையின் பள்ளிக்கூடம், தாயின் மருத்துவமனை, வீட்டு முன் தெரு, இரவிற் காவல் என்பனவே மனிதனை நாள்தோறும் காப்பன. இவற்றை அளிப்பது அவன் வாழும் நாடு.

இங்ஙனம் கூறும் உரிமை இலங்கைத் தமிழனுக்குச் சிறப்பாக உண்டு என்பேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். அவர்கள் பறித்த கொழுந்தின் ஏற்றுமதித் தீர்வை நாட்டின் கருவூலத்தை நிறைத்தது. அவர்கள் வாங்கிய அரிசியிலும் துணியிலும் வரி இருந்தது. அவர்களிடம் வரி வாங்கிய அரசு, பிரசாவுரிமையை மட்டும் இல்லையென்றது. அக்குறை முற்றிலும் நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே உழைப்பும் வரியும் இருந்தன, பிரசாவுரிமை இல்லை. இங்கே பிரசாவுரிமை இருக்கிறது. உழைப்பும் வாழ்வும் வேறிடத்தில் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு கொடுமைகள். முன்னது பெரிது, பின்னது சிறிது. ஆனால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. மனிதன் எங்கே வாழ்ந்து உழைக்கிறான் என்பதைப் பாராது, ஏட்டில் அவன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதே அம்மூலம்.

நம் கரையோர மக்கள் இதனை நன்கு அறிவர். கரைவலை வளைத்து, அம்பாப் பாடி, இரு கயிற்றையும் இழுத்துக் கரை சேர்த்தபின் மீன் பங்கிடப்படும். சம்மாட்டிக்கு ஒரு பங்கு; கயிற்றிற் கைவைத்தவர்க்கெல்லாம் பங்கு. முன்னொரு நாள் அயற்கரையில் வலை இழுத்தவன், இன்று இக்கரையில் இழுக்கும் மீனுக்கு அயற்கரைச் சம்மாட்டி பங்கு கேட்டால் நம்மவர் சிரிப்பர். வலை எக்கரையில் ஏறியதோ அக்கரையிலேயே பங்கு என்பது அவர்தம் நீதி. வருமான வரிக்கும் அதுவே நீதியாதல் வேண்டும் என்பது என் துணிபு.

ஆனால் சட்டம் தவறென்று எண்ணுவது வேறு, சட்டத்துக்கு ஒளிந்திருப்பது வேறு. ஆகவே நம் பழைய மாணவர்க்குச் சிலவற்றைப் பணிவுடன் கூறி முடிக்கிறேன்.

அமெரிக்கப் பிரசையாக இருந்து ஊர் திரும்பியோரே, ஒளியாதீர்கள். வங்கிக் கடிதத்தைப் பெட்டியிற் போட்டு மூடாதீர்கள். பொய்யாக 'இல்லை' என்று எழுதி ஒப்பமிடாதீர்கள். அறியாமை பிழையாக இருந்த வரையில் மன்னிப்புண்டு, பொய்க்கு இல்லை. வேண்டுமென்றன்றி அறியாமையால் தவறியோர்க்கென அவ்வரித் திணைக்களமே 2012ஆம் ஆண்டு முதல் ஓர் எளிய வழியைத் திறந்து வைத்துள்ளது. கடந்த மூன்றாண்டு விபரத்திரட்டும், ஆறாண்டு வங்கி அறிக்கையும், நடந்ததை உள்ளபடி கூறும் உறுதியுரையும் கொடுத்தால், பிறநாட்டில் வாழ்வோர் வரியையும் வட்டியையும் மட்டும் செலுத்தித் தண்டமின்றி வெளிவரலாம். அண்ணன் அவ்வழியே சென்றார். இன்று அமைதியாக உறங்குகிறார். ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 தவணை; வெளிநாட்டில் வாழ்வோர்க்கு யூன் 15 வரை தானாகவே நீட்சி உண்டு; கேட்டுக்கொண்டால் ஒக்டோபர் 15 வரையும் நீளும். ஆனால் செலுத்த வேண்டிய வரிக்கு வட்டி ஏப்பிரலிலிருந்தே ஓடும். அப்பிரசாவுரிமையைத் துறக்க எண்ணுவோரும் முந்திய ஐந்தாண்டு வரிக் கடமை தீர்ந்ததென உறுதி கூறியே நல்ல முறையில் வெளியேறலாம். போகும் வாசலும் கணக்கறை வழியாகவே இருக்கிறது.

அமெரிக்காவிற் படிக்கவோ தொழில் செய்யவோ சென்று அங்கே பிள்ளை பெற்றுத் திரும்பிய பெற்றோரே, பிள்ளையின் நீலக் கடவுச்சீட்டை நகைப்பெட்டியில் வைத்துப் பூரிக்குமுன், அது பிள்ளையின் முதற் சம்பளத்தோடு வரும் கடமையும் ஆகும் என்பதைப் பிள்ளை வளர்ந்ததும் சொல்லுங்கள். மகிழ்ச்சியை மட்டும் சொல்லிக் கடமையை மறைத்தல் பெற்றோர் செய்யத்தக்கதன்று. சத்தியப் பிரமாணம் செய்து புதிய பிரசையாகப் போகும் இளைஞர்க்கும் இதனையே சொல்வேன். வேண்டாமென்று தடுப்பது என் வேலையன்று. அறிந்து ஒப்பமிடுக என்பதே என் வேண்டுகோள்.

அங்கேயே வாழும் அன்பர்க்கு ஒரு சொல். உங்கள் கையில் வாக்குச்சீட்டு இருக்கிறது. ஊர் திரும்பியோரும் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டிலிருந்தே வாக்களிக்கலாம். 2024 திசெம்பரில் இல்லினோய் மாநிலப் பிரதிநிதி டாரின் லகூட், வதிவிடத்தையே வரிக்கு அடிப்படையாக்கும் சட்டமூலம் ஒன்றைக் காங்கிரசிற் கொண்டுவந்தார். அக்காங்கிரசின் காலம் முடிந்ததோடு அச்சட்டமூலமும் முடிந்தது. ஆனால் கோரிக்கை முடியவில்லை. குக் வழக்குத் தோற்று நூறாண்டு கடந்துவிட்டது. நீதிமன்றம் தராததைச் சட்டமன்றம் தரலாம். கேட்போர் குரலே வேண்டும்.

இறுதியாக, இங்கே வாழும் நமக்கும் ஒரு சொல். வரி வாழும் ஊருக்கே உரியது என்று வாதிட்டபின், வாழும் ஊருக்கு நாம் ஒழுங்காகச் செலுத்துகிறோமா என்று கேளாதிருத்தல் நேர்மையாகாது. வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பெறுக என்ற கட்டளை 2024இல் வந்தபோது நம்முட் பலர் முணுமுணுத்தோம். விபரத்திரட்டுக்குரிய நவம்பர் 30 கடந்து செல்வதைப் பலர் காண்பதேயில்லை. 1945ஆம் ஆண்டு முதல் வந்த இலவசக் கல்வியால் எழுத்தறிந்தவர்கள் நாம். அக்கல்விக்குப் பணம் தந்தோர், வருமான வரி என்ற பெயரையும் அறியாது, அரிசியிலும் சீனியிலும் மண்ணெண்ணெயிலும் வரி கொடுத்த ஏழைகள். நம் கல்லூரி வாங்குகளை அவர்களே வாங்கித் தந்தனர் எனலாம்.

அண்மையில் அண்ணனைக் கண்டபோது இவ்வாண்டுப் படிவங்களை அனுப்பிவிட்டதாகக் கூறினார். "இரண்டு நாட்டுக்கும் கணக்குக் காட்டியாயிற்று, தம்பி. அங்கே காட்டியது சட்டத்துக்காக. இங்கே இன்னும் கட்டவேண்டிய அளவுக்கு உழைக்கவில்லையே என்பதுதான் கவலை," என்றார். இங்கே கட்டும் அளவுக்கு அவர் தங்குமனை வளர்க. நம் கல்லூரியும் நூறாண்டு கண்டு, கடமை அறிந்த மாணவரைக் கரைதோறும் அனுப்புவதாக.